தண்ணீரால் எஞ்சின் ஓடுமா?

செய்யாற்றங்கரையில் உள்ள காவாந்தண்டலத்திலும், உத்திரமேரூர் வட்டத்தின் மற்றக் கிராமங்களிலும், நெல் நட்ட குடியானவனுடைய கவலை கிணற்றில் தண்ணீர் ஊறியவுடன் தீர்ந்துவிடுவதில்லை; அதை இறைக்கும் டீசல் எஞ்சினுக்குத் தீனி போடுவது எப்படி என்ற கவலை அதன் பின்னாலேயே வருகிறது. அப்படிப்பட்டவனிடம், தண்ணீருக்குள்ளேயே எரியும் வாயு அடங்கியிருக்கிறது, ஒரு பாட்டரியைக் கொண்டு அதைப் பிரித்து எஞ்சினுக்குள் விட்டால் டீசலே வேண்டாம் என்று கைப்பேசிப் படம் ஒன்று சொன்னால், அவன் நம்பாமல் என்ன செய்வான்? நம்பியவனைப் பரிகசிப்பது நியாயமன்று. அவன் நம்பிய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிப்பதே நியாயம்.

தண்ணீரில் எரிகிற ஹைட்ரஜனும் எரியத் துணைசெய்கிற பிராணவாயுவும் இருப்பதால் தண்ணீரே எரிபொருள் என்பது முதல் வாதம். இருப்பது உண்மை, முடிவுதான் பிழை. ஹைட்ரஜன் எரிந்து, தன்னிடமிருந்த உஷ்ணத்தையெல்லாம் வெளியே கொட்டிவிட்ட பிறகு மிஞ்சும் பொருளே தண்ணீர். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் அப்படி. அதை மறுபடி எரிபொருளாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிவந்த சக்தி முழுவதையும் யாராவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அந்தச் சக்தியை எஞ்சினே டைனமோவைச் சுழற்றித் தந்துவிடாதா என்பது இரண்டாவது வாதம். கணக்குப் பார்ப்போம். 9 கிலோ தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜனும் 8 கிலோ பிராணவாயுவும் கிடைக்கும். இதற்கு, இன்றுள்ள நல்ல இயந்திரங்களுக்கே ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் தேவை. அந்த 1 கிலோ ஹைட்ரஜன் எஞ்சினுக்குள் எரிந்தால் கிடைக்கும் உஷ்ணம் 33 யூனிட். அதிலும் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் குளிர்விக்கும் நீரிலும் போய்விட, சுழற்சியாக மாறுவது கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான். 50 போட்டு 10 எடுக்கிற வியாபாரத்தை, அந்தப் பத்தையே முதலாக்கி என்றென்றும் நடத்தலாம் என்று எந்தக் கணக்குப்பிள்ளை ஒப்புவான்?

குமிழி வருவதைக் கண்ணால் கண்டோம், மைலேஜ் ஏறியது என்பது மூன்றாவது வாதம். குமிழி பிரத்தியட்சந்தான். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சிட்டிகை ஆப்பசோடா கலந்து, இரண்டு பென்சில் கரிக்குச்சிகளை 9 வோல்ட் பாட்டரியின் இரு முனைகளோடும் இணைத்து அமிழ்த்தினால், எதிர்முனையில் நேர்முனையைவிட இரட்டிப்பாக வாயு எழும்புவதை எந்தப் பள்ளிப்பிள்ளையும் பார்க்கலாம். சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பைப் போட்டால் நேர்முனையில் பிளீச்சிங் பவுடர் நெடி அடிக்கும். அது குளோரின், விஷவாயு. 1800-ஆம் ஆண்டிலேயே நிக்கல்சனும் கார்லைலும் வோல்ட்டாவின் மின்னடுக்கைக் கொண்டு தண்ணீரைப் பிரித்துவிட்டார்கள். இதில் புதுமையும் இல்லை, ரகசியமும் இல்லை. கேள்வி எவ்வளவு என்பதே. 12 வோல்ட் பாட்டரியோடு ஆறு அறைகளைத் தொடராக இணைத்து, 10 ஆம்பியரை ஒரு மணி நேரம் செலுத்தினால் கிடைக்கும் ஹைட்ரஜன் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். டீசல் கணக்கில் அது எட்டு மில்லிகூட ஆகாது. போதாக்குறைக்கு, இரண்டு வாயுக்களும் கலந்தே ஒரு டப்பாவில் தேங்கினால், ஒரு சிறு பொறி அதை வெடிக்கச் செய்துவிடும்.

பெட்ரோல் கம்பெனிகள் இதை மறைக்கின்றன என்பது கடைசி வாதம். 1996-இல் மூலிகையால் தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாக ராமர் பிள்ளை சொன்னபோது நாடே அவரைப் பற்றிப் பேசியது. விஞ்ஞானிகளும் அவரை அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். தேறாதது கூற்றுதான். ஹைட்ரஜனையோ எவரும் ஒளித்துவைக்கவில்லை. பக்ரா அணையின் மின்சாரத்தால் நங்கலில் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தார்கள், மகேந்திரகிரியில் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிரில் திரவமாக்கப்பட்ட ஹைட்ரஜன் ராக்கெட் எஞ்சின்களில் எரிகிறது, சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2025-இல் ஹைட்ரஜன் ரயில்பெட்டி சோதிக்கப்பட்டது. இவற்றில் ஒன்றிலேனும் தண்ணீர் எரிபொருளாக இல்லை. மின்சாரமோ வேறு எரிபொருளோ முன்கூட்டிச் செலுத்திய சக்தியையே ஹைட்ரஜன் சுமந்துவருகிறது.

ஆகவே, வெயில் மின்சாரம் மிஞ்சும் நாளில் அதை ஹைட்ரஜனாகச் சேமிக்கலாம் என்று ஒருவர் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கலாம். தண்ணீரை ஊற்றி எஞ்சினை ஓட்டுகிறேன் என்று எவராவது பெட்டியோடு வந்தால், பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் ஒயரையும் துண்டித்து, ஒரு நாள் முழுவதும் இறைத்துக் காட்டும்படி கேளுங்கள். அதன் பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.