குருவிக்குத் தட்டு, அணிலுக்குப் பசை அட்டையா?

குருவிக்கு வைத்த கம்பை அணில் தின்று தீர்க்கிறது, அதுக்கு என்ன மருந்து வைக்கலாம் என்று இந்த வருஷம் மட்டும் நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நாலு பேருமே டவுன்காரர்கள். குருவி மேல் வைத்த பாசத்துக்காக அணிலைக் கொல்லத் துணிகிற நியாயம் எனக்குப் பிடிபடவே இல்லை. கோயமுத்தூரில் இருக்கிற எங்க அக்கா மகனே, "மாமா, எலிக்கு வெக்கிற பசை அட்டையைத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சுரட்டுமா?" என்று போனில் கேட்டான். "வெச்சா மொதல்ல ஒட்டறது உன் குருவிதான் மாப்ள" என்றேன்.

பசை அட்டைக்கு அணில் எது, குருவி எது, ஓணான் எது என்று தெரியாது. ஒட்டின உயிர் உடனே சாகவும் செய்யாது, மணிக்கணக்கில் துடிக்கும். விஷமும் அப்படித்தான். விஷம் தின்றதைப் பூனை தூக்கிக்கொண்டு போனால் பூனைக்கும் ஆபத்து, ஆந்தை தூக்கினால் ஆந்தைக்கும் ஆபத்து. கம்பத்தில் கிரீஸ் தடவலாமே என்று ஒருத்தர் சொன்னார். ரோமத்திலும் இறகிலும் ஒட்டின கிரீஸை அதுகளால் எப்படித் துடைக்க முடியும்?

அணிலுக்கு நான் வக்கீல் இல்லை. ராமர் முதுகைத் தடவின கதைக்காகவும் பேசவில்லை. என் தென்னையில் இளங்காயைக் குடைகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சப்போட்டா மரம், பழுத்ததில் பாதி அதுக்குத்தான். தென்னைக்குள் ஊடுபயிராகக் கோகோ போட்டவர்களைக் கேட்டால் இன்னும் அழுவார்கள். நஷ்டம்னா என்னன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். உங்க தட்டில் போகிறது ஒரு கைப்பிடி கம்பு.

அதுவும் போகக் கூடாது என்றால் வழி இருக்கிறது. தென்னையில் எலி ஏறாமல் இருக்க ஆறேழு அடி உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒன்றரை அடி அகலத் தகரம் அடிப்போம். நகம் பதியாது, வழுக்கிவிடும். ஆனால் பக்கத்து மரத்து மட்டை இந்த மரத்து மட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் அடித்தது வீண். மேலேயே தாவி வந்துவிடும். பாதிப் பேர் மட்டையைப் பார்க்காமல் தகரத்தைத் திட்டுவார்கள்.

உங்க மொட்டை மாடிக்கும் இதே கணக்குதான். கைப்பிடிச் சுவர் மேலேயோ துணி காயப்போடுற கொடிக்குப் பக்கத்திலேயோ முருங்கைக் கிளைக்கு அடியிலேயோ தட்டை வெச்சுட்டு, அணில் வருதேன்னா வராம என்ன பண்ணும்? ஒரு வாளியில் சிமென்ட் கலவை போட்டு அஞ்சடி உயரத்துக்கு இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் தட்டை வையுங்கள். தட்டுக்குக் கீழே, வாய் திறந்த ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டுக் குழாயில் கோத்துவிடுங்கள். ஏறி வருகிற அணில் டின்னுக்குள் போய் முட்டிக்கொண்டு இறங்கிவிடும். டின் விளிம்பை மடக்கிவிட மறக்காதீர்கள், கையைக் கிழிக்கும். சுற்றிலும் ஏழெட்டு அடிக்குச் சுவர், கிளை, கயிறு எதுவும் வேண்டாம். நம்ம ஊர் மூணு கோட்டு அணில் ஆள் சின்னது, தாவுகிற தூரம் சின்னது இல்லை. அதிலும் மேலே இருந்து கீழே குதிக்கும்போது பார்க்கணும்!

மிளகாய்த்தூள் கலந்து வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பறவைக்குக் காரம் தெரியாது. மிளகாய்க் காட்டில் கிளி பழுத்த மிளகாயாகப் பார்த்துத் தின்னும், அசையாது. அணிலுக்கு நம்மைப் போலவே எரியும். ஆக, வேலை செய்யும்தான். ஆனால் மாடிக் காற்றில் அந்தத் தூள் பறந்து குருவி கண்ணிலும் விழும், உங்க வீட்டுப் பிள்ளைகள் கண்ணிலும் விழும். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

தட்டில் என்ன வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நிலக்கடலையும் தேங்காய்ச் சில்லும் வைத்தால் அது அணிலுக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி. குருவிக்குக் கம்பு, தினை, நொய் போதும். காலையில் ஒரு கைப்பிடி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீருகிற அளவு. படிக்கணக்கில் கொட்டினால் புறாக்கூட்டம் இறங்கும், மிச்சத்துக்கு ராத்திரி எலி வரும். அணில் ராத்திரியில் தூங்குகிற ஜாதி. சாயங்காலம் நிரப்பின தட்டு விடியறதுக்குள்ள காலின்னா, பழியை அணில் மேல் போடாதீர்கள்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் வந்தால் எல்லாரும் தானியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கூட்டில் இருக்கிற குஞ்சுக்குத் தாய்க்குருவி முக்கியமாக ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். மாடித்தோட்டத்து அவரைக் கொடியில் நாலு அசுவினி தெரிந்தவுடனே மருந்து தெளித்துவிட்டு, பத்தடி தள்ளிக் கம்பு வைத்தால் குஞ்சு எதைத் தின்னும்? ஓட்டு வீட்டில் சந்து பொந்து இருந்தது, கூடு கட்டியது. கான்கிரீட் வீட்டில் அது எங்கே போகும்?

தட்டுக்கு முன்னால் பெட்டி வாங்குங்கள். வாசல் ஓட்டை ஒன்றேகால் அங்குலம் போதும். ஓட்டையைச் சுற்றித் தகரத் துண்டு அடித்துவிட்டால் அணில் கடித்துப் பெரிசாக்க முடியாது. சமயத்தில் அது முட்டையையும் குடித்துவிடும் என்பதால் இந்த இடத்தில் மட்டும் நானும் உங்க கட்சி.

தட்டே வைக்க இடமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அறுப்பு முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகப் பின்னி வாசலில் தொங்கவிடுவோம். குருவி தொத்திக்கொண்டு ஒவ்வொரு நெல்லாக உருவித் தின்னும். அணில் வந்தாலும் ஒரே மூச்சில் காலி பண்ண முடியாது. அறுப்புச் சமயத்தில் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், ரெண்டு குஞ்சம் தரச் சொல்றேன். பின்னுறது வீட்டுக்காரம்மா, எனக்கு அந்தக் கை வராது.