கரும்பு வண்டியை எது இழுப்பது?

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டச் சாலைகளில் இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். நெல்லிக்குப்பம், முண்டியம்பாக்கம், மூங்கில்துறைப்பட்டு, சேத்தியாத்தோப்பு என்று ஆலைகளை நோக்கி டிராக்டர்கள் வரிசைகட்டுகின்றன. கரும்பு பக்கவாட்டிலும் பின்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும். பின்விளக்கு இருந்தாலும் தோகை மூடியிருக்கும். எதிர்வண்டிக்காக விளக்கைத் தாழ்த்தி ஓட்டும் கார்க்காரருக்குச் சாலை சுமார் 50 மீட்டர்தான் தெளிவாகத் தெரியும். அவர் 80 கிலோமீட்டர் வேகத்தில் வர, முன்னால் டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தால் இடைவெளி கரைய 3 விநாடி போதும்.

மோதல் நடந்த மறுநாள் பேச்சு எல்லாம் ஓட்டுநரைப் பற்றியே. தூங்கியிருப்பார், குடித்திருப்பார், வேகமாக வந்திருப்பார். இவற்றில் எதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இத்தனை டன் கரும்பை இவ்வளவு தூரம் இந்த வண்டிதான் இழுக்கவேண்டும் என்று யார் முடிவு செய்தது? அதை யாரும் கேட்பதில்லை.

டிராக்டர் வயலுக்காகச் செய்யப்பட்டது. சேற்றில் கலப்பையை இழுக்கத் தாழ்ந்த கியரில் அபார இழுவிசை வேண்டும், அதைக் கொடுக்கிறது. 45, 50 குதிரைத்திறன் டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். அது 10 டன் கரும்பைக்கூடச் சமதரையில் அசைத்து இழுத்துவிடும். பார்ப்பவர்களுக்கும் "இழுக்குதே, அப்புறம் என்ன?" என்றுதான் தோன்றும். சிக்கல் நிறுத்தும்போதுதான். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. இருந்தாலும் டிராக்டரோடு இணைத்திருக்கமாட்டார்கள். அப்படியானால் மொத்த பாரத்தையும் தடுக்க டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களே கதி. பாலத்துச் சரிவில் சட்டென்று பிரேக் போட்டால் டிரெய்லர் தள்ளும், டிராக்டர் பக்கவாட்டில் மடங்கும். டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர், இன்ஜின் கொடுக்கும் தடுப்பையும் இழந்துவிடுகிறார். வேகம் 20இலிருந்து 40 ஆனால் பிரேக் தாங்கவேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

ஒற்றை அச்சு டிரெய்லரில் இன்னொரு சங்கடம் உண்டு. பாரத்தின் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின்பக்கம் இறங்குகிறது. அது அளவுக்கு மீறினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையைவிட்டு எழும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. கரும்பு பின்னால் அதிகம் நீண்டிருந்தால் நேர்மாறு: கொக்கியே மேலே இழுக்கப்பட்டுப் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். பிரேக் பெடல் சங்கதியும் இருக்கிறது. வயலில் மடக்கித் திரும்புவதற்காக இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனிப் பெடல் வைத்திருக்கிறார்கள். சாலைக்கு ஏறும்போது இரண்டையும் தாழ்போட்டு இணைக்கவேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும்.

எனவே பக்கத்து ஆலைக்கு டிராக்டர் போதும்; இரட்டை அச்சு டிரெய்லரும், அதற்கென்று வேலைசெய்யும் பிரேக்கும், டிராக்டரின் எடைக்கு ஏற்ற பாரமும் இருக்கவேண்டும். தூரம் கூடினால் லாரிதான். எந்தத் தூரத்தில் கோடு போடுவது என்பதை ஆலையும் விவசாயிகளும் உட்கார்ந்து பேசட்டும்; 20 கிலோமீட்டருக்கு மேல் டிராக்டர் வேண்டாம் என்பது நம் கருத்து.

சொல்வது சுலபம். லாரி வயலுக்குள் இறங்காது. வரப்போரம் வரை போவது டிராக்டர்தான். சாலையில் லாரிக்கு மாற்றினால் ஏற்றுகூலி இரண்டு முறை, அதற்கும் ஆள் கிடைக்கவேண்டும். டிராக்டர் வைத்திருப்பவருக்கோ கடன் தவணை கழுத்தை நெரிக்கிறது. அரவைக் காலத்து ஓட்டம்தான் அவருக்கு வருமானம். தூரம் கூடிப்போனது விவசாயியின் குற்றமும் அல்ல, டிராக்டர்காரரின் குற்றமும் அல்ல. அலங்காநல்லூரிலும் ஆம்பூரிலும் கூட்டுறவு ஆலைகள் அரவையை நிறுத்திவிட்டன. அந்தப் பக்கத்துக் கரும்பு வேறு ஆலையைத் தேடித்தான் போகவேண்டும். வெட்டி 24 மணி நேரம் தாண்டினால் எடையும் சர்க்கரைச் சத்தும் இறங்கும் என்ற அவசரம் வேறு. அந்த அவசரத்தில் வந்து சேர்ந்த வண்டியை ஆலை வாசலில் இரவு முழுக்கக் காக்கவைப்பதும், தூங்காத ஓட்டுநரை அடுத்த நடைக்கு அனுப்புவதும் எந்த ஊர் நியாயம்?

சட்டத்தில் குறையில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான்; பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும். அதிக பாரத்துக்கு 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, 20,000 ரூபாயும் கூடுதலான டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள். ஆனால் சாலையில் மாட்டுவது ஓட்டுநர் மட்டும்தான்.

இதில் வேடிக்கை, அதிக பாரத்தைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனையே தேவையில்லை. ஆலைக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியும் எடைமேடையில் ஏறுகிறது. பாரத்தோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை, வண்டி எண், நேரம் எல்லாம் சீட்டில் பதிவாகிறது. யார் எவ்வளவு மீறினார்கள் என்ற கணக்கு ஆலையின் கணினியில் தினமும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. வாடகையை டன் கணக்கில் கொடுக்கும்வரை அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிய கரும்புக்கு வாடகை கிடையாது என்று ஒரு ஆலை அறிவித்துப் பார்க்கட்டும். வண்டிகள் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். டன் வாடகையைக் கொஞ்சம் உயர்த்தி, தூரத்துக்கு ஏற்ற வண்டியை வெட்டு உத்தரவிலேயே குறித்துக் கொடுத்தால் டிராக்டர்காரருக்கும் நட்டம் வராது.

சத்தியமங்கலம் காட்டில், கரும்பு லாரிகளை யானைகள் மறிக்கத் தொடங்கியபின், காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் உயரத் தடுப்பு வைத்தார்கள். அளவுக்கு மேல் அடுக்கிய லாரி அதைத் தாண்டமுடியாது. யானைக்காக முடிந்த காரியம் மனிதருக்காக ஆலை வாசலில் முடியாதா?

ஆலைகளிடம் மட்டும் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கமுடியாது. ஆண்டுதோறும் போக்குவரத்துக் காவலர்கள் டிரெய்லர்களில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், செய்தித்தாளில் படமும் வருகிறது. அடுத்த நடையில் தோகையும் சேறும் அதை மூடிவிடும். தோகைக்கு வெளியே தெரியும்படி, பாரத்தின் கடைக்கோடியில் கட்டித் தொங்கவிடும் சிவப்புப் பலகையை வண்டிக்காரர் கையோடு வைத்திருக்கவேண்டும். வெட்டாட்களைக் கரும்பின் மேல் ஏற்றி அனுப்பும் வழக்கத்தை விவசாயிகள் விடவேண்டும். 2022 அக்டோபரில் கான்பூர் அருகே கோயிலிலிருந்து திரும்பியவர்களோடு ஒரு டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் மாண்டார்கள். டிரெய்லருக்குள் வந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், பாரத்தின்மேல் உட்கார்ந்து வருபவருக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. கார்க்காரர்களும் அரவை மாதங்களில் இந்தச் சாலைகளில் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். நெல்லும் கரும்பும் விளையும் ஊர்ச் சாலை பந்தயத் தடமல்ல.

மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. ஆலை அலுவலர்களும் அங்கே வருகிறார்கள். அடுத்த அரவைக்கு முன்பான கூட்டத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலரையும் டிராக்டர் உரிமையாளர்களையும் அழையுங்கள். எடைமேடைக் கணக்கை மேசைமேல் வைத்து, தூர வரம்பையும் பார வரம்பையும் வாடகையையும் ஒரே அமர்வில் முடிவு செய்யுங்கள். இதைக் கேட்கும் மனுவை விவசாயிகள் சங்கங்களே முதலில் கொடுக்கட்டும்.