சிறு குழந்தைகளுக்கு உரிய துறை எது?

சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் 2022 ஜூன் மாதம் தொடங்கியது. மறு ஆண்டு ஜூனில் அப்பயணம் இலங்கைவரை நீண்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. இத்தகைய கப்பல்கள் பெரும்பாலும் காலையில் ஒரு துறையை அடைந்து மாலையில் புறப்பட்டுவிடுபவை. இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் எங்கே போய்வருவது என்பதைப் பயணிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு இத்தேர்வு எளிதன்று. பெரியவர்களின் ஆசைக்கும் குழந்தையின் கால்வலிக்கும் இடையே ஒரு வழக்கு அங்கே நடக்கிறது. ஒரு தரப்பின் வாதத்தைக் கேளாமலேயே பெரும்பாலும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

கப்பலேறாத நமக்கும் இவ்வழக்கு அந்நியமானதன்று. விடுமுறையில் தஞ்சைப் பகுதிக்கு வரும் குடும்பங்களுக்கு வாடகை வேன்தான் கப்பல், கோயில்கள்தாம் துறைகள். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிவரும் வார இறுதிச் சிறப்புப் பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் கும்பகோணத்திலிருந்து தொடங்கியது. நேர்த்திக்கடன் உள்ள பெரியவர்களுக்கு அது பேருதவி. அதில் குறைகாண்பது நமது நோக்கமன்று. ஆனால் அதே கணக்கை ஐந்து வயதுக் குழந்தைக்கும் நாம் பொருத்துகிறோம். விடியலில் எழுப்பி, வண்டியில் ஏற்றி, இறக்கி, வரிசையில் நிறுத்தி, மீண்டும் ஏற்றி, இரவில் வீடு திரும்பும்போது அக்குழந்தையிடம் எஞ்சுவது ஒன்பது தலங்களின் நினைவன்று. ஒன்பது முறை செருப்பைக் கழற்றி மாட்டிய நினைவே.

இப்பட்டியல்கள் ஏன் இவ்வளவு நீள்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பிள்ளை வளர்க்கும் தஞ்சைக் குடும்பங்களுக்கு உள்ளூர ஓர் அச்சம் இருக்கிறது. மறுபடி எப்போது வருவோமோ, வந்தாலும் இவன் கூட வருவானோ என்ற அச்சம். ஒரு தலைமுறைக் காலத்தில் கொடுத்திருக்க வேண்டியதை நான்கு நாட்களில் கொடுத்துவிடத் துடிக்கிறோம். அத்துடிப்பு நியாயமானதே. எனினும் அதன் விளைவு பல வீடுகளில் நேர்மாறாக முடிகிறது. "கோயிலா? நான் வரமாட்டேன்" என்று பத்து வயதில் சொல்லும் பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களை அப்படிச் சொல்லவைத்தது நாத்திகமன்று, நண்பகல் பன்னிரண்டு மணிக் கருங்கல் தரை.

ஆகவே எங்கே இறங்குவது என்பதற்கு முன்னதாக, எப்போது வருவது என்று கேட்க வேண்டும். தமிழகப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை. மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் மரபான நாளோ ஜூன் 12. நீர் குறைந்த ஆண்டுகளில் அது இன்னும் தள்ளிப்போகும். 2024-இல் ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். எனவே மே மாதத்தில் நாம் குழந்தைக்குக் காட்டும் காவிரி பெரும்பாலும் மணல். வயல் வெடித்துக் கிடக்கும். "இதுதான் சோழநாடு சோறுடைத்து என்பதா?" என்று அது கேட்காவிட்டாலும், அதன் முகத்தில் அக்கேள்வி இருக்கும்.

காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் இறுதியைப் பாருங்கள். குறுவை அறுவடை நடந்துகொண்டிருக்கும். பக்கத்து வயலில் சம்பா நாற்று பச்சை பிடித்திருக்கும். சாலையோரத்தில் நெல் காயும். அறுத்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும். வாய்க்காலில் நீர் ஓடும். அறுவடை இயந்திரம் ஒன்று வயலில் இறங்கி நெல்லைக் கொட்டுவதை ஒரு மணி நேரம் வாய் மூடாமல் பார்த்து நிற்கும் குழந்தைக்கு நுழைவுச்சீட்டும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஜூலையும் ஆகஸ்டின் முற்பகுதியும் பொதுவாக விடுமுறையே. ஆடிப்பெருக்கு அதற்குள் வந்துவிடுகிறது. அன்று படித்துறைக்குச் சப்பரம் இழுத்துச் செல்லும் சிறுவர்களுள் ஒருவனாகத் தானும் கயிறு பிடிப்பது, பத்துக் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பதைவிட ஆழமாக ஊறும். சிங்கப்பூரின் ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவமழையில் அகப்படுவது உண்மை. புயல் எச்சரிக்கையைப் பார்த்தே புறப்பட வேண்டும். ஆனால் மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூர் ஏரிக்குப் பறவைகள் வரும் காலமும் அதுதான். அவ்வேரி 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

மாதத்துக்கு அடுத்தது வேளை. தஞ்சைப் பெரிய கோயிலை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. 1010-இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த அக்கோயிலைக் காணாமல் தஞ்சையிலிருந்து யாரும் திரும்ப முடியாது. ஆனால் மாலை நான்கரைக்குப் பிறகு செல்லுங்கள். உள்ளே போனதும் கல்வெட்டு, ஆட்சியாண்டு, விமானத்தின் உயரம் என்று தொடங்காதீர்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றொரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. அது மெய்யா என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி குழந்தையிடம் கேளுங்கள். சாயும் வெயிலில் நிழல் கிழக்கே முற்றத்தில் நீண்டு கிடப்பதை அது கண்டுபிடித்துவிடும். பெரியவர்கள் பலர் சரிபாராமல் திருப்பிச் சொல்லும் ஒன்றைத் தன் கண்ணால் பார்த்துப் பொய்யென்று அறிவது, ஐந்து வயதில் கிடைக்கக்கூடிய சிறந்த வரலாற்றுப் பாடம். அதன்பின் நந்தியைப் பார்த்துவிட்டுப் புல்தரையில் ஓடட்டும். அன்றைக்கு அது போதும்.

மூன்றாவது, உயரம். மூன்றரை அடி உயரமுள்ள ஒருவருக்கு எது தெரியும் என்பதை நாம் குனிந்து பார்த்ததில்லை. பெருங்கோயில்கள் அண்ணாந்து பார்க்கக் கட்டப்பட்டவை. தாராசுரம் அப்படியன்று. இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் குதிரை இழுக்கும் கல்தேர் மண்டபம் இருக்கிறது; சக்கரங்கள் குழந்தையின் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகின்றன. ஒரே தலையை எருதும் யானையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தில், ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் எருது. கல்லைத் தொடாமல், கண்ணுக்கு முன்னே உள்ளங்கையைப் பிடித்தாலே போதும். குழந்தைகளுக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு நாம்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

நம் பட்டியல்களில் இடம்பெறாதவையே பிள்ளைகளுக்கு உவப்பானவையாக இருப்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சை அரண்மனைக்குச் சென்றால் நாம் செப்புத் திருமேனிகளைத் தேடிப் போகிறோம். குழந்தை நிற்கும் இடம் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. அதனைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு கடல் மிருகம் எப்படி அரண்மனைக்குள் வந்தது என்ற வியப்பின் வழியாகவே அது என்றேனும் ஒருநாள் தரங்கம்பாடிக்கும், 1620-இல் டேனியர்கள் அங்கே எழுப்பிய கோட்டைக்கும் போய்ச் சேரும். வெளியே கடையில் விற்கும் தலையாட்டி பொம்மையும் அப்படித்தான். எத்தனை முறை சாய்த்தாலும் ஏன் நிமிர்கிறது என்று அது கேட்கும். அடியிலுள்ள கனத்தைச் சொல்லிக்கொடுத்தால், தஞ்சாவூர் என்ற சொல் அதன் மனத்தில் நிமிர்ந்துகொள்ளும்.

கல்லணையைத் தனியே சொல்ல வேண்டும். நீர் ஓடும் நாட்களில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று ஆறு பிரிந்து செல்வதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அப்பாலம் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் அங்கே குழந்தையின் கையை ஒரு கணமும் விடக்கூடாது. மதகருகே சுழலும் நீரில் இறங்கவும் கூடாது. தரங்கம்பாடி, பூம்புகார் கடற்கரைகளுக்கும் இவ்விதியே. கரையில் நின்று அலையைப் பார்க்கலாம், குளிப்பதற்கு உகந்தவையல்ல. குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கிராமத்தில் முழங்காலளவு ஓடும் கிளை வாய்க்காலே தகும். அங்கும் ஒரு பெரியவர் உடன் இறங்கி நிற்க வேண்டும்.

இதே அளவுகோலைக் கப்பலுக்கும் கொண்டுபோகலாம். திருகோணமலையில் இறங்குவோருக்குக் கோணேசர் கோயில் முதன்மை. ஆனால் கோட்டைக்குள் உலவும் மான்கள்தாம் குழந்தையின் திருகோணமலை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எது அதிகச் சூடு என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது அதற்கு ஒரு முழு விளையாட்டு. காங்கேசன்துறையில் இறங்கினால், யாழ்ப்பாணம் முழுவதையும் ஓடிப் பார்ப்பதைவிட அருகிலுள்ள கீரிமலைக் கேணிக்கரையில் ஓர் அரைநாள் அமர்வது நன்று. துறைக்கு அருகே இருப்பது, கையும் காலும் ஈடுபடக்கூடியது, ஒரு நாளுக்கு ஒன்று: இம்மூன்றும் பொருந்தினால் இறங்கலாம். பொருந்தாத நாளில் கப்பலிலேயே இருந்துவிடுவதும் ஒரு தேர்வுதான். வேன் பயணத்தில் அதற்கு நிகரானது, எங்கும் போகாமல் தாத்தா வீட்டுத் திண்ணையில் கழியும் ஒரு நாள்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். குழந்தையின் விருப்பத்துக்கே எல்லாம் என்றால் பாட்டியின் பிரார்த்தனை என்னாவது? காசு செலவழித்து வந்தவர்கள் பொம்மையையும் வாத்தையும் பார்த்துவிட்டா திரும்புவது? இக்கேள்வியில் பொருள் உண்டு. அதற்கு விடை, எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்துவது. பாட்டியோடு இருவர் திருநள்ளாறு போகட்டும். குழந்தையோடு இருவர் தங்கட்டும். தங்குபவர் எப்போதும் தாயாகவே இருக்கக்கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் குடும்பச் சுற்றுலாக்களில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிப் பிராகாரத்து நிழலில் அமர்பவர் அவரே. பிறர் தரிசனம் முடித்து வந்து "நன்றாக இருந்தது" என்று சொல்லக் கேட்பதே பல தாய்மார்கள் கண்ட சோழநாடு. ஒரு முறை தந்தையர் அமரட்டும். பட்டியல் தானாகவே சுருங்கும்.

வரலாறு வேண்டாம் என்பதன்று நமது கருத்து. அது பிற்பாடு வரும். பதினைந்து வயதில் புத்தகத்தின் வழியே வரும், இருபத்தைந்தில் தானாகவே தேடி வரும். ஐந்து வயதில் வரவேண்டியது இவ்வூரின் மேல் ஒரு பிரியம் மட்டுமே. நான்கு நாட்கள் வந்தால் மூன்று இடங்கள் பார்க்கலாம். ஒரு நாள் வாய்க்காலுக்கும் திண்ணைக்கும் இருக்கட்டும். கப்பல்தான் மாலையில் புறப்பட்டாக வேண்டும். நாம் பார்க்காமல் விட்ட கோயில்கள் பல நூறு ஆண்டுகளாக அங்கேயே நிற்பவை; இப்பிள்ளைகள் வளர்ந்து தாமாக வரும்வரை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அவை காத்திருக்கும்.