மகப்பேறு விடுப்பு 26 வாரம் சரி... 27-வது வாரம் குழந்தையை யார் பார்ப்பது?

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமை காலையை நினைத்துப் பாருங்கள். குழந்தை ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கும். அலுவலகப் பேருந்து ஏழரைக்கு வந்துவிடும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "அப்பாவுக்கு சுகர் ஏறிடுச்சு, நான் கிளம்பணும்டி" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கணவருக்கு அன்று மீட்டிங்.

சென்னையோ கோவையோ திருப்பூரோ, பல வீடுகளில் நடப்பது இதுதான். மகப்பேறு விடுப்பு என்றதும் எல்லோரும் பேசுவது 26 வாரத்தைப் பற்றி. ஆனால் நிஜமான சிக்கல் ஆரம்பிப்பது 27-வது வாரத்தில். அதற்கும் சட்டத்தில் சில வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை பலருக்குத் தெரிவதில்லை.

புதிய சட்டத் தொகுப்பில் என்ன மாறியது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1961-ம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் ஓர் அத்தியாயம். "அப்போ லீவு குறைஞ்சிடுச்சா?" என்று பலருக்கும் சந்தேகம். குறையவில்லை. 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டதே தொடர்கிறது.

பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். விடுப்புக் காலத்தில் முழுச் சம்பளம் உண்டு. கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்து அது கணக்கிடப்படும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் விடுப்பு 12 வாரம் மட்டும். கருக்கலைவு ஏற்பட்டால் 6 வாரம். பிரசவம் முடிந்த முதல் 6 வாரம் எந்த முதலாளியும் அந்தப் பெண்ணை வேலைக்கு வைக்கவே கூடாது, அவரே வருகிறேன் என்று சொன்னாலும் சரி.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாத விடுப்பு.

26-ல் 8 போனால்?

இந்தக் கழித்தல் கணக்கு கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான் மனப்பாடம். 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் மிச்சம் 18 வாரம். அதாவது வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில்கூட இதை எழுதிப் போட்டிருப்பார்கள். 26 வாரம் என்பதும் கிட்டத்தட்ட அதே ஆறு மாதம்தான். ஆனால் பிரசவத்துக்கு முன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் இருந்தால் மட்டுமே அந்த ஆறு மாதம் முழுசாகக் கிடைக்கும்.

அதனால்தான் ஒன்பதாம் மாதத்திலும் வீங்கிய காலோடு மின்சார ரயிலில் ஏறும் பெண்களைப் பார்க்க முடிகிறது. "இன்னும் ஏன் வேலைக்குப் போற, வீட்ல இருக்கக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவர் சேமித்து வைப்பது தனக்கான ஓய்வை அல்ல, குழந்தையோடு இருக்கும் நாட்களை.

அம்மா வீடு என்ற ஏற்பாடு

இவ்வளவு காலம் இந்த இடைவெளியை நிரப்பியது எந்தச் சட்டமும் இல்லை, அம்மா வீடுதான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு, வளையல் குலுங்க பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வெறும் சடங்கு இல்லை. தலைப்பிரசவத்தின் செலவையும் உழைப்பையும் பெண்ணின் பெற்றோர் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தூளி ஆட்டுவது என மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஒரு பெண்ணுக்குப் பின்னால் இரண்டு மூன்று பெண்கள் சம்பளமே இல்லாமல் வேலை செய்திருக்கிறார்கள்.

இன்று அந்த அம்மாவும் வேலைக்குப் போகிறார், இல்லையென்றால் இன்னொரு மகளின் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமியார் வந்து இருந்தால் அதற்கென்று தனிக் கதை (அது வேறு கட்டுரை). ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் எத்தனை பேர் தங்க முடியும் என்பதும் ஒரு கேள்வி.

தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கர்ப்பம் உறுதியானதும் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து வாங்கும் ஆர்.சி.ஹெச் எண்ணை, பலரும் பிக்மி எண் என்று சொல்வார்கள், கையோடு எடுத்துப்போக வேண்டும். பார்ப்பது தனியார் மருத்துவமனையில் என்றாலும் இந்த எண் தேவை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இதைக் கேட்பார்கள். சென்னையில் பதிவு, மதுரையில் பிரசவம் என்று ஆகும்போது, எண் இல்லாமல் அலைவது பச்சை உடம்புக்காரியின் வீட்டார்தான்.

காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும்

சரி, 27-வது வாரத்துக்கு வருவோம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒவ்வொரு நிறுவனமும் தனியாகக் கட்டத் தேவையில்லை, பொதுவான காப்பகத்தைப் பயன்படுத்தலாம். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். அவருடைய ஓய்வு நேரமும் அந்த நான்கில் அடக்கம்.

அதோடு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. இது சாப்பாட்டு இடைவேளை இல்லை, தனி.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை பத்து கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்தால் அந்த இடைவேளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காப்பகம் அருகில் இருந்தால்தான் இடைவேளைக்கு அர்த்தம். ஒன்று இல்லாமல் மற்றொன்று காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். பால் கட்டி வலியெடுக்கும்போது பம்ப் வைத்து எடுக்க ஒரு தாழ்ப்பாள் போட்ட அறை வேண்டும், எடுத்த பாலை வைக்க குளிர்சாதனப் பெட்டி வேண்டும். கழிவறையில் நின்றுகொண்டு பால் எடுப்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. 2015-ல் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பேருந்து நிலையத்தில் யோசித்த அளவுக்கு அலுவலகங்களில் யோசிக்கவில்லை.

வேலையின் தன்மை ஒத்துவந்தால், விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது, உரிமை இல்லை.

முதல் வாரமே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் சம்பளச் சீட்டு இருப்பவர்களின் கதை. கட்டட வேலையில் சித்தாளாக இருப்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் 26 வாரச் சம்பளத்தை யார் கொடுப்பது? அவர்களுக்குக் கைகொடுப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குத் தலா 18,000 ரூபாய். இதில் 14,000 ரூபாய் பணமாகத் தவணைகளில் வரும், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பெரிய உதவிதான். ஆனால் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. கைக்குழந்தையை வேலை நடக்கும் இடத்தில் புடவைத் தூளி கட்டிப் போட்டுவிட்டுச் செங்கல் சுமப்பது அதனால்தான்.

துணிக்கடை, நகைக்கடைப் பெண்களுக்கு இன்னொரு பாடு. நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பது கட்டாயமானது. கர்ப்பிணிகளுக்கு அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு. பிரசவத் தேதிக்குச் சுமார் பத்து வாரம் முன்பிருந்து, அவர் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கொடுக்கக் கூடாது. "கேட்டுக்கொண்டால்" என்ற சொல்லில்தான் சிக்கல். தீபாவளி சீசனில் மேற்பார்வையாளரிடம் போய் யார் கேட்பது?

ஒப்பந்த ஊழியர்களுக்கு 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவான பதில் தந்திருக்கிறது. டெல்லியில் ஒப்பந்த மருத்துவராக இருந்தவரின் வழக்கு அது. விடுப்புக்கு நடுவே ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், மகப்பேறு பலன்களை முழுமையாகத் தர வேண்டும் என்று தீர்ப்பானது. "உன் கான்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது, லீவு கிடையாது" என்று சொன்னால் அது செல்லாது.

உணவு டெலிவரி போன்ற செயலி வழி வேலை செய்பவர்கள் புதிய சட்டத் தொகுப்பில் முதன்முறையாக இடம்பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கான திட்டங்களில் மகப்பேறு பலனும் காப்பகமும் சேரலாம் என்கிறது சட்டம். ஆனால் இது திட்டம் வகுப்பதற்கான அனுமதிதான். 26 வாரச் சம்பளம் போல நேரடி உரிமை அல்ல.

மூன்றாவது குழந்தைக்கும் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்ததைக் காட்டி, மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே 23-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஓர் அங்கம் என்றது.

செலவு யார் தலையில்?

நேர்காணலில் "கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை பிளான் இருக்கா?" என்று கேட்பதற்குப் பின்னால் ஒரு காசுக் கணக்கு இருக்கிறது. 26 வாரச் சம்பளத்தையும் அந்த நிறுவனமே கொடுக்க வேண்டும். அரசு அதில் பங்கு போடுவதில்லை. பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கு அது கனமான தொகை. சில முதலாளிகள் அதற்குக் கண்டுபிடிக்கும் வழி, இளம் பெண்களை வேலைக்கு எடுக்காமல் விடுவது.

மாற்று வழி நம்மிடமே இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கு விடுப்புக்காலச் சம்பளத்தைக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ நிதி. எல்லோரிடமும் மாதாமாதம் சிறு தொகை வாங்கி, தேவைப்படுபவருக்குக் கொடுப்பதால் எந்த ஒரு முதலாளியின் தலையிலும் மொத்தமாக விழுவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மகப்பேறுப் பாதுகாப்பு உடன்படிக்கையும் இந்த முறையைத்தான் சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. விடுப்பு வாரங்களைக் கூட்டுவதைவிட, இந்தச் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதுதான் முதலில் நடக்க வேண்டும்.

அப்பா எங்கே?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியார் நிறுவன ஊழியருக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட கிடையாது, நிறுவனம் மனமிரங்கிக் கொடுத்தால்தான். 2017-ல் நாடாளுமன்றத்தில் இதற்காக ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை.

2023-ல் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. தென்காசி மாவட்டம் கடையத்தில் பணிபுரிந்த காவல் ஆய்வாளர், செயற்கைக் கருத்தரிப்பு மூலம் கருவுற்ற மனைவியின் பிரசவத்துக்காக 90 நாள் விடுப்பு கேட்டார். முதலில் கொடுக்கப்பட்ட விடுப்பு பின்னர் ரத்தானது. அவர் உரிய நேரத்தில் பணிக்குத் திரும்பவில்லை என்று துறை நடவடிக்கை பாய்ந்தது. நீதிபதி எல்.விக்டோரியா கௌரி ஆய்வாளர் பக்கம் நின்று, தந்தையர் விடுப்புக்கு இந்தியாவில் தனிச் சட்டம் தேவை என்பதையும் தீர்ப்பில் பதிவு செய்தார்.

அப்பாவுக்கு விடுப்பு இல்லாதவரை, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்ற கேள்விக்கு வீட்டில் விவாதமே நடக்காது. அம்மாதான்.

இப்போதே செய்ய வேண்டியது என்ன?

கர்ப்பம் உறுதியானதும் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வேலையில் சேரும்போதே மகப்பேறு பலன்களை எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை. விடுப்பு கேட்பதை வாய் வார்த்தையில் முடிக்காமல் மின்னஞ்சலில் தேதியோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்பியதற்குச் சான்று இருக்கும். நிறுவனம் இலவச மருத்துவ வசதி தரவில்லை என்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் உண்டு, கேட்டு வாங்குங்கள். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். அப்படி நடந்தால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே காப்பகம் பற்றியும் பாலூட்டும் இடைவேளை பற்றியும் மனிதவளத் துறைக்கு இன்னொரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அதே வாரம் கணவரும் தன் அலுவலகத்தில், தன் விடுப்பு பற்றிக் கேட்டு ஒன்று போடலாம்.