கூடத்திலிருந்து கொட்டகைக்கு

வீட்டுக் கூடத்தில் பார்த்துப் பழகிய தொடரொன்று திரைப்படமாக வரவிருக்கிறது என்ற அறிவிப்பு வெளியானதும் பிள்ளைகள் நாள் எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். அழைத்துச் செல்லும் பொறுப்பு வாப்பாவுக்கு. நுழைவுச் சீட்டு, ஆட்டோ, இடைவேளைத் தின்பண்டம் என்று செலவும் அவருக்கே. நம்மைத் தேடி வந்துகொண்டிருந்த விருந்தாளியை இப்போது நாம் பணம் கொடுத்துத் தேடிப் போகிறோம். அப்படியானால் அந்தப் படம் நமக்குத் தரவேண்டியது என்ன?

மிஸ்டர் பீனை அறியாத வீடு அரிது. 1990இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடரில் அவர் பேசுவதே அபூர்வம். ஆங்கிலம் அறியாத நன்னியும் பள்ளி செல்லும் பேரனும் ஒரே கணத்தில் சிரித்ததற்கு அதுவே காரணம். ஆனால் 1997இல் வந்த முதற்படம் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, ஓவிய நிபுணரென்று நம்பவைத்துச் சொற்பொழிவும் ஆற்றச் செய்தது! படம் நன்றாகவே ஓடியது. எனினும் நம் கூடத்துப் பீன் அதில் பாதிதான் இருந்தார். 2007இல் வந்த அடுத்த படத்தில் அவர் குலுக்கற் பரிசாகப் பிரான்சு செல்கிறார். மொழி தெரியாத நாட்டில் மௌனம் இயல்பாகப் பொருந்திவிட்டது. நம் வாக்கு இரண்டாவதற்கே.

செலவினால் மட்டும் காரியம் ஆகாது என்பதற்கு ஸ்டார் டிரெக் சான்று. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான அத்தொடர் 1979இல் பெரும் பொருட்செலவில் படமாயிற்று. கண்ணுக்கு விருந்துதான், கதையோ நகர மறுத்தது. அதில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு செலவில் 1982இல் எடுத்த இரண்டாம் படமே இன்றளவும் போற்றப்படுகிறது. 1967இல் ஒரேயொரு பகுதியில் வந்துபோன கான் என்னும் பகைவனை அது மீட்டெடுத்தது. அவன் யார், அவனுக்கு ஏன் இத்தனை சினம் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. பழைய பகுதியைக் காணாதவரும் தடுமாறவில்லை.

2027இல் வரும் என அறிவிக்கப்பட்ட இரண்டாவது சிம்ப்சன்ஸ் படத்துக்கு அத்தொல்லை இராது. அத்தொடரில் ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் தனிக்கதை. ஓவியப்படம் என்பதாலேயே சிறுவர் படமென்று கருதி அழைத்துச் செல்ல வேண்டா. அதன் கேலியில் பெரும்பகுதி பெரியவர்களுக்கானது.

நமக்கு ஐயம் எழுவது மாண்டலோரியன் படத்தைக் குறித்தே. 2019இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் தொடங்கிய தொடர் அது. கவசமணிந்த வீரனும் அவன் காத்துவரும் குழந்தையும் என்ற எளிய கதை. எந்த வீட்டுக்கும் பொருந்தும். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட படத்துக்கு 2026 மே மாதம் குறிக்கப்பட்டது. ஆனால் இரண்டாம் பருவத்தின் முடிவில் கண்கலங்க விடைபெற்ற இருவரும் மூன்றாம் பருவம் தொடங்கும்போதே சேர்ந்து நிற்கின்றனர். எப்போது சேர்ந்தனர்? இடையில் வந்த வேறொரு தொடரில்! அதைக் காணாதோர் விழித்தனர். வீட்டிலாவது விட்டுப்போனதைத் தேடிப் பார்க்க வழியுண்டு. கொட்டகை இருட்டில் அதற்கு ஏது வழி?

அதன் முதற் பத்து நிமிடங்களில், தொடரையே அறியாத உம்மா பக்கத்து இருக்கைப் பிள்ளையிடம் “இவங்க யாருப்பா?” என்று கேட்க நேர்கிறதா என்பதையே நாம் கவனிப்போம்.