312 பக்கம் முடிச்சவருக்குப் பரிசு குடுத்த கதை



விக்கிமூலம் பற்றி எபிசோடில கதைச்ச பிறகு, "நாங்களும் ஒரு மெய்ப்புப் போட்டி வைப்பமா?" என்று உங்களில் மூன்று நாலு பேர் எழுதியிருந்தீர்கள். தை மாதம் மரபுத் திங்கள் வருது, அதுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிற யோசனை. நல்ல யோசனைதான். ஆனா நான் ஒருக்கா இங்க லண்டனில அப்படி ஒரு போட்டி வைச்சு, வடிவாகச் சொதப்பின ஆள். அதனால் இந்தக் கிழமை மற்ற செய்திகளை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதுகிறேன்.

எபிசோடைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாக. விக்கிமூலம் என்பது விக்கிப்பீடியாவோடு கூடப்பிறந்த நூலகம். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் புத்தகங்கள் அங்கே ஸ்கான் படங்களாக ஏராளமாக இருக்கின்றன. ஓசிஆர் மென்பொருள் அந்தப் படத்தை வாசித்து எழுத்தாக மாற்றி வைத்திருக்கும், பிழைகளோடு. ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் மெய்ப்பு. யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தால் மஞ்சள். இரண்டாவது ஆள் பார்த்தால் பச்சை. மஞ்சளாக்கின ஆளே அதைப் பச்சையாக்க ஏலாது, மென்பொருள் விடாது. புல் ரிக்வெஸ்டை நீங்களே அப்ரூவ் பண்ண முடியாத மாதிரி.

எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த 11 பேர், சிலரின் சொந்தக்காரர் உட்பட, இரண்டு கிழமைப் போட்டி. ஒரு பக்கம் மஞ்சளானால் ஒரு புள்ளி. நான் அந்த நேரம் ஒரு கொன்ராக்ட் முடிஞ்சு அடுத்ததுக்குக் காத்திருந்தேன், கையில நேரம் இருந்தது. விக்கியின் ஏபிஐயில் இருந்து எண்ணிக்கையை எடுத்து ஒவ்வொரு மணித்தியாலமும் புதுப்பிக்கிற ஸ்கோர்போர்ட் ஒன்று எழுதினேன். உண்மையைச் சொன்னா, எனக்குப் போட்டியை விட அந்த ஸ்கோர்போர்டில்தான் பெருமை.

வென்றவர் 312 பக்கம். 50 பவுண்ட் வவுச்சர் குடுத்து, வட்ஸ்அப் குழுவில கைதட்டி முடிச்சாச்சு.

ஒரு மாதம் கழித்து, விக்கிமூலத்தில் பல வருடமாக வேலை செய்கிற ஒருவர் என்னுடைய பேச்சுப் பக்கத்தில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்: நேரம் கிடைத்தால் அந்தப் பக்கங்களை இன்னொரு முறை பார்க்க முடியுமா? அந்த 312இல் கண்ணை மூடி 20 பக்கம் எடுத்துப் பார்த்தேன். 17இல் பிழை. மொத்தம் 61.

அவர் ஏமாற்றினார் என்று நினைக்காதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனா ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று நிமிசம் அளவில் செலவழித்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஏ/எல் வரைக்கும் படித்தவர், நல்ல வாசகர். கேட்டபோது, "நான் எல்லாம் வாசிச்சனான் தம்பி, பிழை ஒண்டும் கண்ணில படேல்லை" என்றார். பிறகு அவரைப் பக்கத்தில் இருத்தி ஒரு பக்கத்தைக் காட்டினேன். "நகரம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "நகாம்". ரகரத்தையும் காலையும் ஓசிஆர் மாறி எடுப்பது வழமை. அவர் விரலை அந்தச் சொல்லிலேயே வைத்துக்கொண்டு "நகரம்" என்று வாசித்தார். இரண்டு தரம்.

தமிழ் அவருக்கு அவ்வளவு ஓடும். எழுத்தை அல்ல, சொல்லின் உருவத்தைப் பார்த்து மிச்சத்தை மூளை நிரப்பிவிடும். "தரம்" என்பது "தாம்" ஆகியிருந்தால் இன்னும் மோசம். இரண்டும் சரியான சொல், ஸ்பெல்செக்கருக்கும் ஒன்றும் தெரியாது.

ஸ்கோர்போர்டில் கடைசியில் இருந்தது 17 வயதுப் பிள்ளை ஒருவர். 9 பக்கம். போட்டி முழுக்கக் குழுவில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். "அண்ணா, இது காலா, ரவா?" "இதில குற்று இருக்கா, இல்லாட்டி அழுக்கா?" எங்களில் சிலருக்கு எரிச்சல் கூட வந்தது. பழைய அச்சில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்போடு வருகிற "லை", "னை" எழுத்துகளை அவர் கண்டதே இல்லை. தமிழ்நாட்டில் அந்த வடிவங்களை மாற்றி அரசாணை வந்தது 1978இல். படம் பிடித்து அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அம்மா பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்திலேயே எழுதினவர், உடனே சொல்லிவிட்டார். அந்த 9 பக்கத்தையும் நான் பிறகு சரிபார்த்தேன். ஒரு காற்புள்ளி குறைவு. அவ்வளவுதான்.

அவருக்குத் தமிழ் வாசிப்பது கஷ்டம், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பார். மெய்ப்புக்கு வேண்டியது அதேதான். "எங்கட தமிழ் அவ்வளவு நல்லா இல்லை, நாங்கள் என்னத்தைத் திருத்துறது?" என்று எழுதியிருந்தவருக்கு இதுதான் என் பதில்.

என்ர போட்டி விதி அந்தப் பிள்ளையைத் தோற்கடித்தது. அதை விடப் பெரிய கேடு, மஞ்சளான பக்கத்தை யாரும் அவசரப்பட்டுத் தேடிப் போவதில்லை. சிவப்பு என்றால் "கவனம், இது ஓசிஆர்" என்று தெரியும். பிழையோடு மஞ்சளானது பொய்ச் சான்றிதழ். அந்த விதத்தில் நாங்கள் இரண்டு கிழமை வேலை செய்து நூலகத்தைக் கொஞ்சம் பழுதாக்கினோம்.

இந்தச் சிக்கலை மற்றவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். 2000இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸில் ஒரு புத்தகம் மூன்று மெய்ப்புச் சுற்று தாண்ட வேண்டும். பழைய ரீகேப்ட்சாவில் இரண்டு சொல் வருமே, அதில் ஒன்றுக்கு அவர்களுக்கு ஏற்கெனவே விடை தெரியும். அதை நீங்கள் சரியாக அடித்தால்தான் மற்றதுக்கு உங்களை நம்புவார்கள். இரண்டு இடத்திலும் தனி ஒருவரின் வேகத்துக்குப் பெறுமதி இல்லை.

இனி, நீங்கள் எல்லாரும் கேட்கப்போகிற கேள்வி. இதையெல்லாம் ஏஐ செய்யாதா? செய்யும், ஓரளவுக்கு. "கௌ" என்பதைக் "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டு எழுதியிருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் சொல் கிடைக்காது. அதைப் பிடிக்க ஏஐ கூட வேண்டாம், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். மனிசரை அதில் போட்டு வதைக்காதீர்கள். ஆனா மொழி மாதிரிகளிடம் முழுப் பக்கத்தையும் குடுத்தால் அவை அந்த 312 பக்க அண்ணர் மாதிரித்தான் வாசிக்கும், அவரை விட வேகமாக. பழைய யாழ்ப்பாண நாடகம் ஒன்றின் ஸ்கானைக் குடுத்துப் பார்த்தேன். "அவை வந்தவை" என்று ஆட்களைச் சொல்கிற எங்கட பேச்சை "அவர்கள் வந்தார்கள்" என்று அழகாகத் திருத்தித் தந்தது. ஓசிஆரின் பிழை அசிங்கமாகக் கண்ணில் குத்தும். இந்தப் பிழை நல்ல தமிழாக இருக்கும், படத்தைப் பார்க்காமல் யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். உங்கட அம்மம்மா கதைக்கிற மாதிரி அச்சில் இருக்கிற கொஞ்சத்தையும் மெசின் துடைச்சுப்போட்டுப் போயிடும்.

அப்போ தையில் போட்டி வைக்கிறதென்றால்? வையுங்கோ. ஆனா மஞ்சளுக்குப் புள்ளி வேண்டாம், பச்சைக்குக் குடுங்கோ, முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் சமமாக. ஒவ்வொருவரின் பக்கத்திலும் சிலதைத் தற்செயலாக எடுத்துப் பார்த்து, தப்பிய பிழைக்குப் புள்ளி கழியுங்கோ, அதை முதல் நாளே சொல்லிப்போடுங்கோ. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று எல்லை வைத்தால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. தனித்தனியாக இல்லாமல் இரண்டு இரண்டு பேராகச் சேருங்கோ, ஒரு ஆள் கட்டாயம் அம்மா, அப்பா வயதில் இருக்க வேண்டும். ஸ்கோர்போர்டை நான் தரமாட்டேன், கோட்டை அழிச்சிட்டேன்.

அந்த அண்ணரிடம் வவுச்சரைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் விதிப்படி வென்றவர். இப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அந்தப் பிள்ளையும் நானும் ஒரு வீடியோ கோலில் இருந்து அதே பக்கங்களைத் திரும்பப் பார்க்கிறோம். பிள்ளை ஸ்கானை எழுத்தெழுத்தாக வாசிக்கிறா, அவர் திரையில் திருத்துகிறார், பிறகு நான் தனியாக ஒருக்காப் பார்த்துப் பச்சையாக்குகிறேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஏழு பக்கம், நல்ல நாளில் எட்டு. 170 பக்கம் பச்சை, 142 மிச்சம் இருக்கு. வர விருப்பமென்றால் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கோ, லிங்க் அனுப்புகிறேன்.