கொழுப்பு என்னும் சொல்

சென்ற வாரம் வகுப்பிலே ஓர் ஆங்கிலப் பகுதியைத் தமிழாக்கக் கொடுத்திருந்தேன். வளமாக வாழ்தலைக் குறிக்கும் தொடர் ஒன்று அதில் வந்தது. மாணவன் ஒருவன் அதனை, ‘நிலத்தின் கொழுப்பைத் தின்று வாழ்ந்தான்’ என்று எழுதியிருந்தான். வகுப்புச் சிரித்தது; நானும் சிரித்துவிட்டேன். பையனின் முகம் வாடிற்று. வீடு வந்து எண்ணிப் பார்த்தபோதுதான், அப்பிள்ளைக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்பது புலனாயிற்று.

அத்தொடர் ஆங்கிலேயரின் சொந்தச் சொத்தன்று; விவிலியத்திலிருந்து வந்தது. எகிப்து மன்னன் யோசேப்பின் குடும்பத்தாரைத் தன் நாட்டுக்கு அழைத்து, நாட்டின் சிறந்த விளைவை உண்ணலாம் என்று வாக்களிப்பதாக ஆதியாகமம் கூறும். எபிரேய மூலத்தில் அங்கே நிற்கும் சொல் ‘ஹேலெவ்’. விலங்கின் குடலையும் சிறுநீரகத்தையும் மூடிய கொழுப்பே அதன் நேர்ப்பொருள். பலியிடுங்கால் அக்கொழுப்பு இறைவனுக்கே உரியது. மனிதர் உண்ணலாகாது என்பது விதி. இறைவனுக்கு உரியது உயர்ந்ததன்றோ? உயர்ந்த கோதுமையையும் எபிரேயர் ‘கோதுமையின் கொழுப்பு’ என்றே வழங்கினர்.

அதே சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. 119ஆம் சங்கீதம் செருக்குற்றோர் நெஞ்சைக் கொழுப்புக்கு ஒப்பிடுகின்றது. கொழுப்பு மூடிய நெஞ்சிலே உணர்ச்சி ஏறாது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘கிரீஸ்’ என்ற சொல்லை ஆண்டது. அதன் வேர், தடிப்பைக் குறிக்கும் ‘கிராசுஸ்’ என்னும் இலத்தீன் சொல். உணர்வற்ற மடமையைக் குறிக்கும் ‘கிராஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அவ்வேரிற் பிறந்ததே.

தமிழ் மட்டும் வேறா? கொழுத்த விளைச்சல் என்று மகிழ்கிறோம்; வாய்க்கொழுப்பு என்று ஏசுகிறோம். நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பது நம் பழமொழி. வளமும் செருக்கும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து வாழ்கின்றன. பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக யாழ்ப்பாணத்திலே விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர், இத்தகைய சொற்களை எத்தனை முறை நிறுத்துப் பார்த்திருப்பார்! அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது.

மாணவன் விடை தமிழ் வழக்குக்கு ஒத்ததன்று. ‘நாட்டின் வளத்தை உண்டு வாழ்ந்தான்’ என்றிருக்க வேண்டும். ஆயினும் மூலச்சொல்லை அவனே தொட்டான். மறுநாள் இவற்றை வகுப்பிலே விளக்கி, சிரித்தமைக்கு அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். ஆசிரியன் நெஞ்சிலும் கொழுப்பு ஏறலாகாதல்லவா?